எஞ்சின் றைவரின் மருமகள்

பூவரசங்குளத்தில் வாழ்க்கைப்பட்டு வயலும் மாடுமாக இருக்கிற கமலாசனியைக் கேட்டால், தன் சரித்திரமே கிளிநொச்சித் தண்டவாளக் கரையில்தான் தொடங்கியது என்பாள்.

அவளுடைய மாமா வவுனியா ரயில் ஸ்டேசனில் வடை விற்றார். அதை அப்படியே சொன்னால் வகுப்பில் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? மாமாவுக்குக் கோச்சியில் வேலை என்று தொடங்கினாள். ஒரு கிழமைக்குள் அவர் எஞ்சினே ஓட்டத் தொடங்கிவிட்டார்.

ஐம்பதுகளின் கடைசி அது. பள்ளிக்கூடம் விட்டால் போதும், பெட்டைகள் நாலைந்து பேர் தண்டவாளக் கரைக்குப் பறப்பார்கள். கனடாவிலிருந்து வந்த டீசல் எஞ்சின்களின் விலாவில் ஆங்கிலத்தில் அந்த நாட்டு மாகாணம் ஒன்றின் பெயர் எழுதியிருக்கும். இன்றைக்கு அல்பேட்டாவா, ஒன்ராறியோவா? முதலில் வாசிப்பவள்தான் அன்றைக்கு ராணி. புழுதி மூஞ்சியில் அடிக்க, பாவாடையைப் பிடித்துக்கொண்டு கத்திக் குதிப்பதில் அப்படியொரு ஆனந்தம்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தியான விமலேஸ்வரி சும்மா விடுகிற ஆளா? "உன்ர மாமா எண்டால் உனக்குக் கை காட்டட்டும், பாப்பம்" என்றாள். காட்டாவிட்டால் இனி ஒருத்தியும் கமலாசனியோடு கதைப்பதில்லை என்று முடிவாயிற்று. அதற்கென்ன, நாளைக்கே காட்டுவார் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டாள் இவள். வீட்டுக்குப் போய் முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தாள். போதாதென்று பட்டதும் இன்னும் இரண்டு.

மறுநாள் அந்தப் பதற்றத்தில், மேய்ச்சலுக்குக் கொண்டுபோன மாட்டைக் கட்டவே மறந்துபோனாள். கோச்சி வந்தது. மாடும் வந்தது. தண்டவாளத்தின் நடுவில் நின்று ஆறுதலாக அசைபோட்டது. பிறேக் கிறீச்சிட, அவ்வளவு பெரிய கோச்சி நின்றேவிட்டது. பெட்டிகளிலிருந்து தலைகள் நீண்டன.

எஞ்சினிலிருந்து எட்டிப் பார்த்தவர் ஒரு பறங்கியர். செம்பட்டை மீசை, பூனைக்கண், தக்காளிப்பழம் போல முகம். கமலாசனியின் பரம்பரையில் ஏழு தலைமுறைக்கும் அப்படியொரு நிறம் கிடையாது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. போச்சுது, எல்லாம் போச்சுது.

"யாரு மாடு இது?" என்று அவர் உறுமினார்.

விமலேஸ்வரி இதற்காகவே பிறந்தவள் போல முன்னால் வந்து கமலாசனியைச் சுட்டினாள். "உங்கட மருமகளின்ர மாடுதான்."

அவர் கமலாசனியைப் பார்த்தார். அவிழ்ந்த றிபனோடு, பாவாடையை இறுக்கிப் பிடித்தபடி, கண் கலங்க நின்றாள். பிறகு மற்றப் பெட்டைகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மீசை மெல்ல ஆடியது.

"மருமகள்," என்றார், "மாட்டைப் பிடி. மாமாவுக்கு நேரம் போகுது."