என் கத்திக்கு நான் தைத்த உறை

என் கைக்கு அளவெடுத்து என் வீட்டுக்காரர் ஒரு கத்தி செய்து கொடுத்தார். அதற்கு உறை தைத்தவள் நான். போன மாதம் வரை யாரிடமும் இதை முழுதாகச் சொன்னதில்லை.

இரண்டாவது பிள்ளை பிறந்த சில மாதங்களில் விளாங்குடிக்குக் குடிவந்தோம். எங்கள் வீட்டைச் சுற்றி அப்போது வெறும் மனைகளும் கருவேலமும்தான். அவர் மில்லில் ஃபிட்டர். மாதத்தில் பாதி நாள் இரவு ஷிப்ட். முதல் பிள்ளை பிறந்த பதினோராம் நாள் காய்ச்சலில் போய்விட்டிருந்தான். ஆஸ்பத்திரிச் சீட்டில் அதற்கு ஒரு காரணம் எழுதியிருந்தார்கள். நான் பி.எஸ்ஸி. படித்தவள், அந்தக் காரணம் எனக்குப் புரிந்தது. ஆனால் சிம்மக்கல்லிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் எங்களைப் பார்க்க வரும் அவருடைய அக்கா ஒருநாள் கேட்டார்:

"மொதப் பிள்ளை தலைமாட்டுல இரும்பு வச்சியா?"

"இல்ல மதினி."

"அதான பாத்தேன். படிச்ச பிள்ளைல்ல."

அன்று ராத்திரியே பாக்குவெட்டியை எடுத்து மகளின் தலையணைக்கு அடியில் வைத்தேன். நம்பி வைத்தேனா, பயந்து வைத்தேனா என்று இன்றைக்கும் தெரியவில்லை. வைக்காமல் இருந்து ஏதாவது நடந்துவிட்டால் என்ன செய்வேன்?

மறுநாள் என் வீட்டுக்காரர் பாக்குவெட்டியைப் பார்த்துச் சிரித்தார். "பேய்க்கு இது போதும்டி. திருடன் வந்தா அவனுக்கு வெத்திலை மடிச்சுக் குடுப்பியா? ரெண்டுக்கும் ஆகுற மாதிரி ஒண்ணு செஞ்சு தாரேன்."

"கூர் வேண்டாம். பிள்ளை இருக்கிற வீடு" என்றேன்.

"கூர் இல்லாட்டி அது கத்தியா?"

நான் மறுபடி சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மில் ஒர்க்‌ஷாப்பில் இரும்பு அறுக்கும் பெரிய ரம்பத்தின் தேய்ந்துபோன பிளேடு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தார். அதைச் சாணையில் பிடித்து, சூடேறுவதற்குள் தண்ணீரில் முக்கி, மறுபடி பிடித்து, பல நாள் தேய்த்தார். சூட்டில் நீலம் பாய்ந்தால் இரும்பு செத்துவிடும், கூர் நிற்காது என்பார். ஒரு நூலை என் உள்ளங்கையைச் சுற்றி அளவெடுத்து, தறியில் குறுக்கே ஓடித் தேய்ந்து கழித்துப்போட்ட நாடாக்கட்டையின் மரத்தைச் செதுக்கிப் பிடி போட்டார். பித்தளை ஆணி அடித்து, ஆணித்தலை தடவினால் தெரியாதபடி அரத்தால் ராவினார். கையில் வாங்கியதும் அது எனக்கென்றே பிறந்த மாதிரி உட்கார்ந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

உறை நானே செய்கிறேன் என்றேன். கல்லூரி விடுமுறையில் கைத்தொழில் வகுப்புக்குப் போய்த் தோலில் பர்ஸ் செய்யக் கற்றிருந்தேன். முதல் பரிசும் வாங்கியிருந்தேன். சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் தோல் கடை வைத்திருந்த பாய், நான் கேட்ட ஆட்டுத்தோலை எடுத்துப் போட்டுவிட்டு, எதற்கு என்று கேட்டார். கத்தி உறைக்கு என்றேன்.

"அப்ப இந்தத் தடிச்ச துண்டையும் எடுத்துக்கங்க தங்கச்சி. பர்ஸுன்னா ரெண்டு ஓரத்தையும் சேத்து வச்சு அப்பிடியே தச்சுரலாம். கத்திக்கு நடுவுல ஒரு பட்டை குடுத்துத் தைக்கணும்."

"எனக்குத் தைக்கத் தெரியும் பாய்."

"தெரியும்மா. பட்டை குடுங்கன்னுதான் சொல்றேன்."

கழிவுத் துண்டைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஓரம் தடித்தால் அசிங்கம் என்றுதான் எங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லி வந்துவிட்டேன்.

தோலை ஈரத்துணியால் நனைத்து, மழுங்கிய ஊசியால் ஒரு கொடி வரைந்தேன். இலையைச் சுற்றிலும் அழுத்தி அழுத்தி, இலை மட்டும் மேலே எழும்பும்படி செய்தேன். காய்ந்ததும் சாயம் பூசி, ஓரங்களைச் சேர்த்து வைத்து, மெழுகு இழுத்த நூலால் நெருக்கமாகத் தைத்தேன். பிள்ளை திறந்துவிடக் கூடாதென்று உறையின் வாய்ப்பக்கம் வார் வைத்து ஒரு பிரஸ் பட்டன் போட்டேன். அந்தப் பட்டனை எத்தனை தடவை இழுத்துப் பார்த்திருப்பேன்! மதினிகூட வாங்கிப் பார்த்து, "அம்புட்டு அழகா இருக்கு. பேயே வந்து கேட்டு வாங்கிட்டுப் போயிரும்" என்றார்.

மகளின் தலையணைக்கு அடியில் பாக்குவெட்டி இருந்த இடத்துக்குக் கத்தி வந்தது. இரவு ஷிப்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் அவர் என்னைப் பழக்குவார். "எடு. ம். வை. இன்னொரு தடவை." துரு ஏறாமல் இருக்க நானும் தினமும் உருவித் தேங்காய் எண்ணெய் தடவிச் செருகுவேன். ஒவ்வொரு தடவை செருகும்போதும் கத்தியின் கூர்வாய் தையலில் உரசியிருக்கிறது. பட்டை இருந்திருந்தால் அதில் பட்டு நின்றிருக்கும். அது இல்லாததால் நூலில் பட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை உறையின் ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மெழுகு போய்ப் பிசிறுகிறது என்று நினைத்தேன். கத்தரிக்கோலை எடுத்து அந்தப் பிசிறுகளை ஒட்ட நறுக்கிவிட்டேன், பார்வைக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று.

வியாழக்கிழமை பகல். அவர் ஷிப்ட் முடிந்து வந்து உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு ஒன்பதாம் மாதம், தவழ ஆரம்பித்திருந்தாள். கூடத்துப் பாயில் தலையணைக்கு அடியிலிருந்த உறையை இழுத்து எடுத்திருக்கிறாள். அவள் முதலில் அழவில்லை. சத்தம் வராததால்தான் எட்டிப் பார்த்தேன். உறை அவரைக்காய் உரித்த மாதிரி ஓரத்தில் பிளந்து கிடந்தது. அவள் கத்தியின் வாயைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிரஸ் பட்டன் போட்டது போட்டபடியே இருந்தது.

அவர் எழுந்து ஓடிவந்து தன் வேட்டியைக் கிழித்து அவள் கையைச் சுற்றினார். திண்டுக்கல் ரோட்டில் டவுன் பஸ்ஸை மறித்து ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். தையல் போட்ட டாக்டர், ஆள்காட்டி விரலில் நரம்பு அறுந்துவிட்டது, அந்த விரல் இனி மடங்குவது சிரமம் என்றார். "யார் இவ்வளவு கூரா வச்சிருந்தது?" என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றார் அவர்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கத்தியைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் வாயை நசுக்கினார். மதினி வந்து அழுதுவிட்டு, "ஏன்டா, பிள்ளைக்கு இரும்பு வைன்னா அருவாளையா வைப்பே?" என்று அவரைத்தான் திட்டினார். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். பென்சிலைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடிக்கிறாள். ஆள்காட்டி விரல் யாரையோ காட்டுகிற மாதிரி நேராக நிற்கும். அவள் கையைப் பார்க்கும்போதெல்லாம் அவர், "நான் கூர் வச்சிருக்கக் கூடாது" என்பார். ஐந்து வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் அவர் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று சொன்னேன். கடைக்காரர் பட்டை வைக்கச் சொன்னதை, நான் வேண்டாம் என்றதை, பிசிறு பார்த்ததை, நறுக்கியதை.

"எப்ப பாத்தே?"

"அது நடக்குறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி."

அவர் மறுபடி காற்று அடிக்க ஆரம்பித்தார். டயர் கல்லாகிற வரைக்கும் அடித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு, கூர் வச்சிருக்கக் கூடாது என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஆனால் நான் ஸ்டவ்வை அணைத்துவிட்டு வந்தால், சற்று நேரம் கழித்து அவர் எழுந்துபோய்த் திருகைத் தொட்டுப் பார்க்கிறார். நான் போட்ட கொல்லைத் தாழ்ப்பாளையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார்.