என் மகளுக்காக நான் படித்த ஐந்து வார்த்தை

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேங்கில் இன்றும் பெருவிரலைத்தான் மையில் வைக்கிறேன். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர், எடமலைப்பட்டி புதூரில் எனக்குப் பக்கத்து வீட்டம்மா. அவர் கணவர் துபாயில் இருக்கிறார். அதனால் பகலில் அவருக்கும் பேச ஆள் வேண்டும். "அக்கா, சுத்தி வளைக்காம சொன்னீங்கன்னா ஒரு பக்கத்துல முடிஞ்சிடும்" என்றார் சற்றுமுன். அதையும் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

விஷயம் இதுதான். தமிழிலேயே ஓர் எழுத்து தெரியாத நான், ஹீப்ருவில் ஒரு வாக்கியம் படித்தேன்.

என் ஒரே மகள் இஸ்ரேலில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். குளிக்க வைப்பது, மாத்திரை கொடுப்பது, சக்கர நாற்காலியில் வெளியே அழைத்துப் போவது எல்லாம் அவள்தான். ஊருக்கு வந்து நான்கு வருடமாகிறது. அங்கே சைரன் ஊதிய நாட்களில் நான் சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பேன். அவள் லீவு கேட்கும்போதெல்லாம் அந்த அம்மா அழுதுவிடுவாராம்.

"நான் போனா திரும்ப மாட்டேன்னு பயப்படுறாங்கம்மா. நீ ஒரு தடவ பேசிப் பாரேன். அம்மான்னு ஒருத்தி கேட்டா மனசு இரங்கும்."

"எனக்கு என்ன பாஷை தெரியும்னு பேசச் சொல்ற?"

"அஞ்சே வார்த்தை. வாய்ஸ்ல அனுப்புறேன்."

வந்தது. 'ஹபத் ஷெலி ரோட்சா லவோ ஹபைத்தா.' என் மகள் வீட்டுக்கு வர ஆசைப்படுகிறாள் என்று அர்த்தமாம். கீரை ஆய்ந்துகொண்டே பத்துத் தடவை கேட்டேன். பத்தாவது தடவையும் முதல் தடவை மாதிரியேதான் இருந்தது.

மகள் கூடவே அனுப்பியிருந்த விளக்கத்தை, பக்கத்து வீட்டம்மா போனைக் காதில் வைத்துக் கேட்டு ஒவ்வொரு வார்த்தையாகப் பிரித்தார். பிரிக்கப் பிரிக்க எனக்குக் கோபம்தான் வந்தது. 'பத்' என்றால் மகள். 'ஷெலி' என்றால் என்னுடைய. நாம் 'என் மகள்' என்கிறோம், அவர்கள் 'மகள் என்னுடைய' என்கிறார்கள். போகட்டும். முன்னால் ஒரு 'ஹ' எதற்கு? இன்ன மகள் என்று குறிப்பாகச் சொல்ல அந்த 'ஹ' வேண்டுமாம்.

"எனக்கு இருக்கறதே ஒரு பொண்ணு. இதுல குறிப்பா வேற சொல்லணுமா?"

"அவங்க வழக்கம்க்கா. என்கிட்ட சண்டை போட்டா மாறிடுமா?"

அடுத்தது 'ரோட்சா'. ஆசைப்படுகிறாள். மகன் என்றால் 'ரோட்சே' ஆகிவிடுமாம். அது நமக்கும் உண்டு, ஆசைப்படுகிறான், ஆசைப்படுகிறாள் என்று. ஆனால் அங்கே நான் என்னைப் பற்றிச் சொன்னாலும் 'ரோட்சா'தான். என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தால் 'ரோட்சே' என்று சொல்லியிருக்க வேண்டும். நமக்கு 'வேணும்' என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே வேணும்தானே. "ஆசையில ஆம்பள ஆசை, பொம்பள ஆசைன்னு தனித்தனியாவா வச்சிருக்காங்க?" என்றேன். பக்கத்து வீட்டம்மா சிரித்துச் சிரித்து, அடுப்பில் பால் பொங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை.

என்னை அதிகம் படுத்தியது வரிசைதான். மகள் என்னுடைய, ஆசைப்படுகிறாள், வர, வீட்டுக்கு. சட்டையை உள்பக்கம் வெளியே போட்டுக்கொண்ட மாதிரி. என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். வேலை விட்டு சைக்கிளில் வந்து, கை கால் கழுவி, காபி குடித்து, வழியில் பார்த்தவர்களை எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் சொல்ல வந்ததைச் சொல்வார். பேச்சே அப்படிக் கடைசியில் வந்து உட்கார வேண்டும். இவர்களோ நடுவிலேயே போட்டு உடைத்துவிடுகிறார்கள். எனக்கு 'ரோட்சா' ஓடிப்போய்க் கடைசியிலேயே நின்றது. இழுத்து வந்து நடுவில் விட்டால் 'லவோ' காணாமல் போனது. இரண்டு தடவை போனைக் கட்டிலில் வீசினேன். மெத்தைமேல்தான் வீசினேன்.

ஒரே ஒரு இடத்தில் மனசு குளிர்ந்தது. 'பைத்' என்றதும் பக்கத்து வீட்டம்மா நிமிர்ந்தார். "அக்கா, நாங்க அரபில ஓதுறதுல வருமே, பைத்துன்னா வீடு." அதன் வாலில் ஒரு 'ஆ' ஒட்டினால் வீட்டுக்கு என்று ஆகிவிடுகிறது. நம் 'க்கு' மாதிரியே அதுவும் வாலில்தான் ஒட்டுகிறது. அன்று முழுக்க எதைப் பார்த்தாலும் 'பைத்தா, பைத்தா' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பால்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஒரு மாதத்தில் ஐந்து வார்த்தையும் வரிசையில் வந்தன. எப்போது பேசுவது என்பதை மகளிடம் நான் சொல்லவே இல்லை. புரட்டாசி சனிக்கிழமை என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். பெருமாளுக்கு உகந்த நாள், கேட்டது நடக்கும். அன்று விரதம் இருந்து, ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறி, கூட்டத்தில் மூன்று மணி நேரம் நின்று சேவித்துவிட்டு, துளசி வாடுவதற்குள் வீட்டுக்கு வந்து போன் போட்டேன்.

மகள் சமையலறையிலிருந்து தாழ்ந்த குரலில் பேசினாள். "இன்னைக்கு அவங்க போனைத் தொட மாட்டாங்கம்மா."

"ஏன், உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. நேத்து சாயங்காலம் விளக்கேத்துனாங்க. இன்னைக்கு வானத்துல நட்சத்திரம் தெரியற வரைக்கும் போன் கிடையாது, அடுப்பு கிடையாது. வாராவாரம் சனிக்கிழமை இப்படித்தான். எத்தனை தடவ சொல்லியிருக்கேன்."

சொல்லியிருந்தாள்தான். பெருமாள் நாளை இன்னொரு வீட்டிலும் இப்படிக் கெட்டியாகப் பிடித்து வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பட்டினி வயிறு வேறு. பக்கத்து வீட்டம்மாவிடம் சீறினேன். "அவங்க சாமிக்கும் அதே நாள்தானாக்கா" என்று அவர் நிதானமாகச் சொன்னார். நான் போய்ச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் எதுவும் பார்க்கவில்லை. மகள் போனை அந்த அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். என்னைவிட இருபது வயது மூத்தவராக இருப்பார். வெள்ளை முடியை என் மகள்தான் வாரிவிட்டிருக்கிறாள், எனக்கு முன்பு வாரிவிட்ட அதே நேர் வகிடு.  சொன்னேன். ஹபத் ஷெலி ரோட்சா லவோ ஹபைத்தா. ஒரு வார்த்தை இடம் மாறவில்லை.

அந்த அம்மா அழவில்லை.  என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். 

"என்னடி சொல்றாங்க?"

"ஒரு மாசம் அனுப்புறாங்களாம். நான் திரும்பி வருவேன்னு உன் வாயால சொல்லணுமாம். அவங்க பாஷையில."

நான்கு வருடமாக நான் வேண்டிக்கொண்டது, இவள் வந்தால் திரும்பவே அனுப்பக் கூடாது என்றுதான். இதை மகளிடம்கூடச் சொன்னதில்லை. இப்போதுதான் முதல் தடவையாக, அதுவும் இன்னொருத்தர் கையால், வெளியே வருகிறது.

"எப்படிச் சொல்லணும்?" என்றேன்.

"ஹி தஹ்ஸோர். அவ திரும்பி வருவான்னு அர்த்தம்."

சொன்னேன். அந்த அம்மா தலையை ஆட்டினார், என் மகளின் கையை விட்டார்.

தை மாதம் வருகிறாள். ஐந்து வார்த்தைக்கு எனக்கு ஒரு மாதம் ஆனது. இந்த இரண்டு வார்த்தையோ ஒரே தடவையில், வரிசை மாறாமல், சுத்தமாக வந்துவிட்டது. அதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.