ஒரு சாண் குடல்

ராஜி அக்கா இறந்த செய்தி நம் பால்குடக் குழுவின் வாட்ஸ்அப்பில்தான் வந்தது. அப்போது நான் பாயான் பாரு பசாரில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். யாரோ குத்துவிளக்குப் படம் ஒன்றைப் போட்டு, ஆன்மா சாந்தியடையட்டும் என்று எழுதியிருந்தார்கள். நான் வீடு வந்து சேர்வதற்குள் ஒன்பது கும்பிடும் கைகள் வந்து விழுந்துவிட்டன. அந்தக் குழுவில் ராஜி அக்கா இல்லை. தைப்பூசத்துக்கு மூன்று வாரம் முன்பே வெளியேறிவிட்டார். வெளியேறினார் என்று எழுதுவது நாகரிகத்துக்காக. நாம்தான் வெளியேற்றினோம். நான் எழுதப்போவது அதைப் பற்றித்தான். பூப்போட்ட வார்த்தைகளை எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முழுப்பெயர் ராஜலெட்சுமி. எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் பத்தொன்பது வருடம் அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, அரிசியைவிடச் சிறிய சிப்பில் கீறல் இருக்கிறதா என்று தேடும் வேலை. அவர் கண்ணுக்குத் தப்பிப் போன பழுது மிகக் குறைவு. அப்படிப்பட்டவர் தனக்கு ரத்தம் போவதை ஒன்றரை வருடம் பார்த்துக்கொண்டே இருந்தார். வயிற்றில் எது வந்தாலும் நம் ஊரில் அதற்கு ஒரே பெயர். "கேஸ்ட்ரிக்தான் லா, நேரத்துக்குச் சாப்பிடல," என்பார். கிளினிக்கில் வயிற்றுவலியை மட்டும் சொல்வார், கேஸ்ட்ரிக் மருந்தும் இரண்டு நாள் எம்.சி. விடுப்பும் வாங்கி வருவார். ரத்தத்தைப் பற்றி ஆண் டாக்டரிடம் வாய் திறக்கவில்லை. என்னிடம் மூலம் என்று சொன்னார். நானும் பெரிய வைத்தியக்காரி மாதிரி லிட்டில் இந்தியாவில் கருணைக்கிழங்கு வாங்கிக் குழம்பு வைத்துக் கொடுத்தேன். இன்றைக்கும் அந்தக் கிழங்கைக் கடையில் பார்த்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

கடைசியில் ஒருநாள் வேலையிடத்திலேயே மயங்கி விழுந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்றார்கள். குடலின் கடைசிப் பகுதியை எடுத்து, கீழ்வழியைத் தைத்து மூடி, மிச்சமிருந்த குடலின் நுனியை இடது பக்கம் வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். அதன் மேல் ஒரு பை. இனி ஆயுள் முழுக்க அப்படித்தான் என்றார்கள். அறுவைக்கு முன் டாக்டர் ஒரு தாளில் வயிற்றை வரைந்து விளக்கியிருக்கிறார். அக்கா அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு வந்துபோன தாதிகளிடமெல்லாம் அதை நீட்டி, "இது என்ன வேலை செய்யுது, இதுக்கு அப்புறம் எங்க போகுது?" என்று கேட்டுக்கேட்டு முழுவதையும் தெரிந்துகொண்டார். ஐம்பத்திரண்டு வயதில்தான் தன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தது என்று சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

ஆறு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். முதல் நாள் கேன்டீனில் என் தட்டிலிருந்து வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்துக் கையில் கொடுத்து, "மெல்லு. முழுங்கிடாதே," என்றார். மென்றேன். கொஞ்ச நேரத்தில் சோறு இனித்தது.

"பார்த்தியா, உன் எச்சிலே மாவைச் சீனியாக்குது. வேலை வாயிலேயே ஆரம்பிச்சாச்சு."

அதன் பிறகு மேசையைச் சுற்றி இருந்தவர்களுக்கெல்லாம் சேர்த்துச் சொன்னார். இரைப்பை புளிப்புத் தண்ணீரை ஊற்றி மூன்று நான்கு மணி நேரம் கூழாகப் பிசையும். அந்தப் புளிப்பு தன்னையே அரித்துவிடாமல் இருக்க உள்ளே வழவழப்பாக ஒரு பூச்சு வைத்திருக்கிறது. கூழ் சிறுகுடலுக்கு வந்ததும் ஈரலில் ஊறிய பித்தம் வந்து எண்ணெயை உடைக்கும். கணையத்திலிருந்து வரும் நீர் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். இருபது அடிக் குடல் சத்தை எல்லாம் ரத்தத்தில் ஏற்றிவிட்டு, சக்கையைப் பெருங்குடலுக்குத் தள்ளிவிடும். அது தண்ணீரை உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். "எனக்கும் எல்லாம் உங்களை மாதிரிதான் ஓடுது. கடைசி ஒரு சாண் மட்டும் இல்ல. வாசல் மாறியிருக்கு, வீடு அதேதான்," என்றார். யாராவது ரத்தம் பார்த்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள் என்பதற்காகத்தான் இவ்வளவும். மறுநாள் அந்த மேசையில் நானும் அவரும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். மற்றவர்கள் சாப்பாட்டைப் பொட்டலமாக டாப்பாவ் செய்துகொண்டு வேறு பக்கம் போய்விட்டார்கள்.

இனி நம் கதை. அறுவை நல்லபடியாக முடிந்தால் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக அவர் வேண்டியிருந்தார். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் நம்மோடு எடுத்தவர்தான். விரதம் தொடங்கிவிட்டார். அப்போதுதான் நம் குழுவின் தேவகி அக்கா எனக்குப் போன் செய்தார்கள். "மல்லிகா, அவ அதை உடம்புலயே கட்டிக்கிட்டு எப்படிச் சாமிகிட்ட வருவா? நீதான் பக்குவமாச் சொல்லணும்." தேவகி அக்கா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நீங்கள் கேட்டது ஒரு போன்தான். மற்றவர்களிடம் பேசி எல்லோரையும் தலையாட்ட வைத்தது நான். கோயிலில் ஒருவரைக்கூட நாம் கேட்கவில்லை. கேட்டால், அதனால் என்ன, வரட்டும் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். நமக்கு அருவருப்பாக இருந்தது, அதற்குப் பெயர் ஆசாரம்.

அவர் வீட்டுக்குப் போய், இந்த வருடம் கீழே இருந்தே கும்பிடுங்கள், உடம்பு தாங்காது என்று இழுத்தேன். அவர் என்னைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உடம்புக்காகச் சொல்றியா, இதுக்காகச் சொல்றியா?" என்று இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"உன் வயித்துல என்ன இருக்கு மல்லிகா, சந்தனமா? மலை ஏறுற எல்லார் வயித்துலயும் இதேதான் இருக்கு. என்னோடது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். கழுவி, புதுப் பை மாட்டிட்டுத்தான் வருவேன். நீங்க கழுவிட்டா வர்றீங்க?"

அன்று மாலை அவர் குழுவிலிருந்து போய்விட்டார். தைப்பூசம் முடிந்து நான் பிரசாதம் கொண்டுபோனேன். வாசலில் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார், உள்ளே கூப்பிடவில்லை. அடுத்த வாரத்திலிருந்து மைக்ராஸ்கோப் மேசையிலும் வேலையைத் தவிர வேறு பேச்சில்லை.

நான்கு மாதத்தில் நோய் ஈரலுக்குப் போய்விட்டது. படுக்கையில் விழுந்த பிறகு, மகள் பவித்ரா அழைத்ததால் போனேன். பாதி உடம்பாகியிருந்தார். கண்ணில் மஞ்சள். ஏன் ஈரலுக்குப் போனது என்று எனக்கே விளக்கினார். "குடல்ல இருந்து கிளம்புற ரத்தம் முதல்ல ஈரலுக்குத்தான் போகும். சாப்பாட்டுச் சத்து போற அதே வழியில இதுவும் போயிருக்கு," என்று, பஸ் போகும் ரோட்டைச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அழுகையில்தான் இத்தனை நாள் யாருக்கும் சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

தைப்பூசத்தன்று காலை மலையடிவாரத்தில் எனக்குக் கால் பிடித்துக்கொண்டது, நீங்கள் முன்னால் போங்கள் என்று குழுவில் உங்கள் எல்லோரிடமும் சொன்னேன் அல்லவா, அது பொய். தலைசுற்றுகிறது என்று தண்ணீர்ப் பந்தலில் குளிர்ந்த ரோஸ் பால் இரண்டு கப் குடித்திருந்தேன். அரை மணியில் வயிறு கலக்கிவிட்டது. குடத்தைப் பந்தலில் கொடுத்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினேன், போய்ச் சேர்வதற்குள் புடவையிலேயே கொஞ்சம் ஆகிவிட்டது. குழாயடியில் அவசரமாக அலசிப் பிழிந்துகொண்டு திரும்பி வந்தேன். மஞ்சள் புடவை, தண்ணீர் பட்டதுபோலத்தான் தெரிந்தது.

ராஜி அக்கா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "மாசக்கணக்கா ஒருவேளை சாப்பாடு. அதுல அவ்ளோ பாலை ஊத்தினா சிறுகுடல் என்ன பண்ணும்? நம்ம வயசுல பாதிப் பேருக்குப் பாலை உடைக்க முடியாது. உடையாத பால் தண்ணியை இழுத்துக்கிட்டு ஒரேயடியா இறங்கிடும். அது உன் தப்பு இல்ல."

தலையணையில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"அவங்ககிட்ட சொன்னியா?"

"இல்லக்கா."

"சொல்லு."

"சரிக்கா."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த பதினொரு நாளில் போய்விட்டார். காரியத்தன்று தேவகி அக்கா பவித்ராவைக் கட்டிக்கொண்டு, உன் அம்மா மாதிரி பக்தி யாருக்கு வரும் என்று அழுதார்கள். நீங்கள் எல்லோரும் ஆமாம் என்றீர்கள். நானும் தலையாட்டினேன்.

அவர் சொல்லிக்கொடுத்தது எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது, வாயில் ஆரம்பித்து முடிகிற இடம் வரைக்கும். போன மாதம் குழாய் விட்டுக் குடலைப் பரிசோதித்துக்கொண்டேன். டாக்டர் கேட்ட எல்லாவற்றுக்கும் கூசாமல் பதில் சொன்னேன். அது அவர் கொடுத்தது. ஆனால் எனக்கென்று அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கடைசிச் சொல்லைத்தான். சொல்லு என்றார், சொல்லிவிட்டேன். நாம் போட்ட சட்டப்படி அன்று திரும்பிப் போயிருக்க வேண்டியவள் நான். நான் குடத்தை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு படியேறினேன். ராஜி அக்கா விரதத்தோடு வீட்டில் உட்கார்ந்திருந்தார்.