ஊருக்குப் போக ஓர் ஊர்

அறுபது வயதுக்காரியை ‘அக்கா’ என்று கூப்பிட வைத்தது டிரஸ்டின் ஏற்பாடு. “அம்மான்னு கூப்பிட விடாதீங்க. நீங்களும் ஒருநாள் போயிடுவீங்க, அந்தப் பிள்ளைகள் ரெண்டாம் தரம் தாயை இழக்க வேணாம்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். எனக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது. நான் கல்யாணம் கட்டிக்கொள்ளாதவள். அரசு ஆஸ்பத்திரி நர்ஸாக வேலூர், போளூர் என்று குவார்ட்டர்ஸிலேயே காலத்தைத் தள்ளினேன். ரிட்டையர் ஆனதும் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். தனியாக ஒரு வீட்டைப் பிடித்து அதன் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குப் பயம். சேவை மனப்பான்மை என்று யாராவது புகழ்ந்தால் நான் மறுப்பதில்லை. உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது, படுக்கும்போது பக்கத்தில் யாராவது மூச்சு விடும் சத்தம்.

டிரஸ்டின் வீடு ஆரணியில் ஒரு நெசவாளர் தெருவில் இருந்தது. ஆதரவற்றோர் இல்லங்களில் வளர்கிற பெண்பிள்ளைகள் பதினெட்டு முடிந்ததும் வெளியே வந்தாக வேண்டும். ஒரு வேலை கிடைத்து நிமிரும்வரை அவர்கள் தங்கத்தான் இந்த வீடு. மூன்று கட்டில், மூன்று பெண்கள், கூடவே தங்க நான். கேஸ் சிலிண்டர் மாற்றுவது, பேங்கில் பயப்படாமல் பேசுவது, பஸ்ஸில் இடிக்கிறவனை முறைப்பது எல்லாம் நான் சொல்லிக்கொடுக்க வேண்டும். வருகிற பெண்களுக்கு ஒரு ஹாலே சாப்பிடுகிற அளவுக்கு சாம்பார் வைக்கத் தெரியும், நாலு பேருக்கு வைக்கத் தெரியாது. யார் புதிதாக வந்தாலும் முதல் வாரம் முழுக்க எங்கள் வீட்டில் பழைய சாம்பார்தான்.

அவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வாயாடி. எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள். ஆனால் தன் பொருள் ஒன்றையும் வெளியே வைக்கமாட்டாள். குளித்துவிட்டு வந்தால் சோப்பை டப்பாவில் போட்டுப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிடுவாள். “இங்க யாருடி உன் சோப்பத் திருடப் போறாங்க?” என்று கத்தியிருக்கிறேன். “ஹோம்ல வெளிய வெச்சா அது அடுத்தவங்களுதுக்கா” என்பாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலையும் அதன் ஹாஸ்டலில் இடமும் கிடைத்து அவள் கிளம்பிய அன்று, பாதி தேய்ந்த அந்த சோப்பைக்கூட எடுத்துக்கொண்டுதான் போனாள். வீட்டில் அவள் இருந்த தடயமே இல்லை. அந்த வாரமே அவள் கட்டிலுக்கு வேறு பெண் வந்துவிட்டாள்.

முதலில் ஞாயிறு தவறாமல் போன் செய்தாள். பிறகு விட்டு விட்டு. நானாகக் கூப்பிடக்கூடாது என்று வீம்பாக இருந்தேன். அப்படியிருக்க ஒருநாள் அவளே கூப்பிட்டாள்.

“அக்கா, ஒரே பேஜாரா போச்சிக்கா.”

“இன்னாடி, வேலைய உட்டுட்டியா?”

“அதில்லக்கா. ரூம்ல எல்லாரும் எந்த ஊருன்னு கேட்டுகினே இருந்தாங்க. ஆரணின்னுட்டேன். ஆரணின்னாலே பட்டுப் பொடவதானே? உங்க வீட்ல தறி இருக்குதான்னு கேட்டாங்க. இருக்குதுன்னுட்டேன். இப்ப ஒருத்திக்குக் கல்யாணம். அவ அம்மா நேரா நம்ம வீட்டுக்கே வந்து முகூர்த்தப் பொடவ எடுக்கணும்னு சொல்லிகினு இருக்காங்க.”

“உன் வீட்டுத் தறியில யாருடி நெய்யிறாங்க?”

“எங்கம்மா.”

“அந்த அம்மா யாரு?”

“நீங்கதாங்கா” என்றாள்.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்று ஆரம்பித்து, நர்ஸ் வேலையில் கற்ற அத்தனை வசவையும் அவள்மேல் கொட்டினேன். எல்லாம் கேட்டுக்கொண்டாள். கடைசியில், “அவங்களுக்குத் தெரிஞ்சிட்டா நான் அந்த ரூம்லயே இருக்க முடியாதுக்கா. எனக்கு ஊரே இல்லன்னு ஆயிடும்” என்று சொல்லிவிட்டு அழுதாள். வாயாடி அழுது நான் பார்த்ததில்லை. சரி வரச்சொல் என்றேன்.

பக்கத்து வீட்டில் இரண்டு தறிகள். அந்த வீட்டு அம்மாள் எங்கள் பெண்களை ஒருமாதிரிப் பார்ப்பவர்தான். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். “ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்றாங்க. ஒரு பொய் சொல்லி ஒரு பொடவ விக்கக்கூடாதா? நம்ம ரெண்டு பேரும் கூட்டுத் தொழில்னு சொல்லிக்கலாம், வுடுங்க” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். தோழி, திண்டிவனத்திலிருந்து அவள் அம்மா, நடுவில் முகம் வெளுத்துப்போய் என் வாயாடி. வீட்டில் இருந்த மூன்று பெண்களையும் போளூர் பக்கத்துத் திருமலை சமணக் கோயிலைப் பார்த்துவிட்டு மெதுவாக வாருங்கள் என்று காலையிலேயே அனுப்பியிருந்தேன். வரிசையாகக் கிடந்த கட்டில்களைப் பார்த்து, “எத்தன பசங்க உங்களுக்கு?” என்று கேட்டார் அந்த அம்மா. “இவ ஒருத்திதான். மத்தது அண்ணன் பொண்ணுங்க, தங்கிப் படிக்குதுங்க” என்றேன். இல்லாத அண்ணனுக்கு இரண்டு பெண்கள் பிறந்த கதை அதுதான். பக்கத்து வீட்டில் தறியைக் காட்டியபோது, கொஞ்சம் நெய்து காட்டச் சொன்னார். கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்றேன். பக்கத்து வீட்டம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தறியில் உட்கார்ந்தார். அரக்கு நிறத்தில் ஒரு புடவை அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று.

சாப்பிடும்போதுதான் ஒரு விஷயம் என்னை உலுக்கியது. தோழி என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். “ஆன்ட்டி, உங்களப் பத்தி இவ எல்லாத்தையும் சொல்லியிருக்கா. ரசத்துல உப்பு போட மறந்துட்டு நீங்களே எல்லாரையும் திட்டுவீங்களாமே. சீரியல் வில்லிய எழுந்து நின்னு திட்டுவீங்களாமே. இவளுக்கு ஜொரம் வந்தப்ப ராத்திரியெல்லாம் காலாண்டயே உட்கார்ந்துகினு, காலையில ஒண்ணுமே தெரியாத மாதிரி கத்தினீங்களாமே.” எல்லாம் நிஜம். தறி ஒன்றுதான் பொய். அந்த அம்மாவாக இருந்தது முழுக்க நான்தான். இத்தனை வயதில், நான் இல்லாத ஓர் இடத்தில் யாரோ என்னைப் பற்றி உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அழுகையும் வந்தது. ரசம் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கிளம்பும் நேரத்தில் தோழியின் அம்மா, “நீ எதுக்கும்மா இப்பவே எங்களோட வர? நாளைக்கும் லீவுதானே. அம்மாகூட ஒரு ராத்திரி இருந்துட்டு வா” என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கட்டிலைப் பார்த்தேன். போன பெண்கள் ராத்திரி தங்கக்கூடாது என்பது டிரஸ்டின் கண்டிப்பான விதி. ஒரு பாய் போட்டால் ஆகாதா என்று தோன்றும். முன்பு அப்படி விட்டுத்தான், போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி, புதிதாக வர வேண்டியவளுக்கு இடமில்லாமல் போனதாம். விதியில் ஒன்றும் தப்பில்லை. திருமலைக்குப் போனவர்களும் திரும்புகிற நேரம்.

“இல்லங்க, போவட்டும். எனக்கு வேல இருக்குது” என்றேன்.

அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். மகளை வந்த வேகத்தில் துரத்துகிறவள் என்ன தாய் என்கிற பார்வை. பொய் கடைசிவரை வெளிப்படவில்லை. ஆனால் தாயாக இருந்த அந்தச் சில மணி நேரத்தில் நான் தோற்றுப்போனேன், அதை அவர் பார்த்துவிட்டார். வாயாடி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வந்ததிலிருந்து அந்தப் பையை அவள் திறக்கவேயில்லை.

அடுத்த நாள் டிரஸ்டில் கேட்டேன். ஒருத்திக்கு விட்டால் எல்லாருக்கும் விட வேண்டும் என்றார்கள். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதனால் என் வேலைக்கு இன்னொரு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டம்மாள் அடுத்த தெருவில் ஒரு போர்ஷன் பிடித்துக்கொடுத்தார். ஓர் அறை, சமையலறை, குளியலறை. இரண்டு கட்டில் வாங்கிப் போட்டேன். “ஒண்டிக் கட்டைக்கு எதுக்கு ரெண்டு?” என்று கட்டிலைத் தூக்கி வந்தவன் கேட்டான். உன் வேலையைப் பார் என்றேன்.

எதற்குப் பயந்தேனோ அங்கேயே வந்து உட்கார்ந்தேன். பெண்களோடு இருந்தவரை கூடவே இருப்பதுதான் பெரிய காரியம் என்று நினைத்திருந்தேன். ஒருத்திக்கு ஊர் வேண்டுமென்றால், அவள் இல்லாதபோதும் அவள் கட்டில் காலியாகவே கிடக்க வேண்டும். அந்தக் காலிக் கட்டிலோடு யாராவது குடியிருக்கவும் வேண்டும். சாயங்காலம் தறிச் சத்தம் நின்றுவிட்டால் இந்த வீட்டில் என் மூச்சு எனக்கே கேட்கிறது. டிவியைச் சத்தமாக வைக்கிறேன். வில்லியைத் திட்டினால் சிரிக்க ஆளில்லை. இப்போது நாலு பேருக்குத்தான் எனக்கும் சாம்பார் வைக்க வருகிறது.

பொங்கலுக்கு முன்னால் வீம்பை விட்டு நானே கூப்பிட்டேன். “ஹாஸ்டல மூடுவாங்களா?”

“மூடுவாங்கக்கா.”

“அப்ப ஊருக்கு வா. ஒனக்குக் கட்டில் இருக்குது.”

மெதுவாக, “எத்தினி நாள் இருக்கலாங்கா?” என்று கேட்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிடலாம் போலிருந்தது. அவள்மேல் கோபமில்லை. “ஊருக்கு வர்றவ கேக்கிற கேள்வியாடி இது? சோறு தின்னுட்டுத் தூங்கு, ஹாஸ்டல் தெறந்தா போ” என்று கத்தினேன்.

வந்தாள். தின்றாள், தூங்கினாள், பொங்கல் பானையை அடிபிடிக்க விட்டாள். திண்டிவனத்து அம்மாவிடம் வாங்கியிருந்த பழி எல்லாம் தீரத் திட்டினேன். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் பஸ் ஏற்றிவிட்டு வந்து, கட்டிலைப் பார்க்கப் பிடிக்காமல் நேராகக் குளிக்கப் போனேன். குழாய்க்குப் பக்கத்துத் திட்டில் அவளுடைய பச்சை சோப்பு இருந்தது. பாதி தேய்ந்தது, டப்பா இல்லாமல், வெளியே. ஈரத் துணியோடு ஓடிவந்து போன் போட்டேன்.

“சோப்ப மறந்துட்டுப் போயிட்டியேடி!”

பஸ் சத்தத்துக்கு நடுவில் அவள் குரல் கேட்டது. “மறக்கலக்கா. அங்கியே இருக்கட்டும்.”

அடுத்த லீவு சித்திரையில்தான். சோப்பு காய்ந்து வெடிக்க ஆரம்பித்துவிட்டது. தினமும் அதன் மேல் தண்ணீர் படாமல் ஒதுங்கிக் குளிக்கிறேன்.