மிஸ்வாக்கில் பட்ட இரத்தம்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள், மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு, பின்வளவுக் குழாயடியில் என் மனைவி துப்பிய எச்சிலில் இரத்தம் கலந்திருந்தது. நான் அதைக் கண்டேன். காணவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்.

அதற்கு முந்திய நாலு நாளும் அவளுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் இரத்தம் சோதித்து, டெங்கு என்றார்கள். பிளேட்லட் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, தினமும் வந்து இரத்தம் பாருங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். நாலாம் நாள் பின்னேரம் உடம்பு வியர்த்துக் காய்ச்சல் விட்டது. அவள் எழுந்து முகம் கழுவி, கஞ்சி கேட்டுக் குடித்தாள். நான் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டு தொழப் பள்ளிக்குப் போனேன். காய்ச்சல் போனபிறகு என்ன இரத்தச் சோதனை என்று நினைத்தேன். சோதனைக்கு எழுதித் தந்த துண்டு கலண்டருக்குப் பின்னால் செருகியபடியே கிடந்தது.

"நாளைக்கு அறபா நோன்பு பிடிக்கப் போறன்" என்றாள்.

"ஏலுமா புள்ள?"

"காய்ச்சல்தான் விட்டுட்டே. வருசத்துல ஒரு நாள் வாற நோன்பு. இத விட்டுட்டு இரிக்கச் சொல்றீங்களா?"

நோயாளிக்கு நோன்பில் சலுகை இருக்கிறது. அதுவும் இது சுன்னத்தான நோன்பு, விட்டால் குற்றமில்லை. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் தடுக்கவில்லை. உள்ளுக்குள் சந்தோசப்பட்டேன் என்பதுதான் உண்மை.

குழாயடியில் அவள் கையில் மிஸ்வாக் குச்சி இருந்தது. அதன் நுனி சிவந்திருந்தது. உச்சி சாய்ந்த பிறகு நோன்பாளி பல் துலக்குவது மக்ரூஹ், விரும்பத்தகாதது என்று சின்ன வயதில் ஓதப்போன இடத்தில் படித்தது எனக்கு ஞாபகம் வந்தது.

"நோன்போட இந்த நேரத்துல மிஸ்வாக் செய்யக்கூடா, தெரியாதா?"

"வாயெல்லாம் கசக்குது. ஆலிமுக்கு ஓதியிருக்க வேண்டிய மனிசன், வயல்ல வந்து மாட்டிக்கிட்டீங்க" என்று சிரித்தாள். சிரித்தபோது பல் இடுக்கிலும் இரத்தம் தெரிந்தது.

"ரெத்தம் வருது."

"புதுக் குச்சி, முரடு. பல்லு முரசுல குத்திட்டு."

"விழுங்கிராத. நோன்பு முறிஞ்சிரும். நல்லாத் துப்பு."

இவ்வளவுதான் நான் சொன்னது. இரத்தத்தைக் கண்ட என் புத்தி மார்க்கச் சட்டத்துக்குப் போனது, ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அவளும் நான் சொன்னதைக் கேட்டு ஒழுங்காகத் துப்பினாள்.

பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள். கை காலெல்லாம் குளிர்ந்திருந்தது. முழங்கையில் சின்னச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள். ஓட்டோவில் ஏற்றினோம். வழியில் எங்கள் மகள் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். "இன்னும் கொஞ்ச நேரந்தானே மஃரிபுக்கு, நோன்பு திறந்து குடிக்கிறன்" என்று என் மனைவி போத்தலைத் தள்ளிவிட்டாள். நான் அப்போதாவது அதட்டியிருக்கலாம்.

டொக்டர் ஒரு பெண் பிள்ளை, என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவள். ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது.

"காய்ச்சல் விடுற நேரந்தான் டெங்குல பயமான நேரம். ரெத்தக் குழாயில இருந்து தண்ணி கசிஞ்சு வெளியால போகும். ஓட்டைய அடைக்கிறது பிளேட்லட். அது இவவுக்கு இப்ப ஆகக் குறைவு. காலையில இருந்து தண்ணியும் குடிக்கல்ல எண்டு சொல்றீங்க."

அவள் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. நான் வயல்காரன். நண்டு துளைத்த வரம்பை ஒரு நாள் பார்க்காமல் விட்டால், அடைக்கச் சேறும் இல்லாவிட்டால், வயல் வட்டைக்குள் தண்ணீர் நிற்காது. வரம்பை நான் ஒரு நாளும் பார்க்காமல் விட்டதில்லை.

சேலைன் ஏற்றினார்கள். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை எடுத்தால் மறுபடியும் கசிந்தது. கட்டிலோடு நின்ற என் கையைத் தொட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"இஞ்சாருங்க, சேலைன் ஏத்தினா நோன்பு போயிருமா?"

குழாயடியில் அவ்வளவு சட்டம் சொன்ன எனக்கு இதற்குச் சட்டம் தெரியவில்லை. மஃரிபுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"இல்ல புள்ள. நோன்பு இரிக்கி."

"அப்ப சரி" என்று கண்ணை மூடினாள். பிறகு என்னோடு கதைக்கவில்லை.

பெருநாள் அன்று லுஹருக்குப் பிறகு அவளுடைய ஜனாஸாவை எடுத்தோம். புது உடுப்போடு வந்த சனம் மையவாடியில் மண் போட்டது. குளிப்பாட்டிய பெண்களில் ஒருத்தி, அவளுக்கு மூத்த ராத்தா, ஊசி குத்திய கையைப் பஞ்சு வைத்துக் கட்டித்தான் கபன் துணி சுற்றினோம் என்று என்னிடம் வந்து சொன்னாள். அதற்குப் பிறகும் கசிந்ததாம்.

இது அவளுக்குச் சீதனமாக வந்த வீடு. எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் முடித்து நான்தான் இங்கே வந்தவன். குழாயடியும் அவளுடையதுதான். அங்கே தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூச் செய்ய இன்னும் மனம் வரவில்லை. பள்ளியில்தான் செய்கிறேன்.

அல்லாஹ் நாடியது நடந்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தண்ணீர்ப் போத்தலைப் பற்றி மறுமையில் என்னிடம்தான் கேட்பான் என்று பயப்படுகிறேன்.

சேலைன் ஏற்றினால் நோன்பு முறியுமா என்று எந்த மௌலவியிடமும் நான் இதுவரை கேட்கவில்லை. பள்ளியில் தினமும் காண்கிறேன், ஸலாம் சொல்கிறேன், கேட்காமல் வந்துவிடுகிறேன். அவளிடம் நான் கடைசியாகச் சொன்னது அப்படியே இருக்கட்டும்.