கொக்கிப்புழு

அரியலூர் டவுனில் சாக்கடை வாரும் வேலைக்குச் சேர்ந்தபோது பூங்காவனத்துக்கு வயது இருபத்திரண்டு. பத்து வருடம் வெறுங்காலோடு சேற்றில் நின்றாள். 1982-ல் நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்க ஆரம்பித்தது. முகம் வெளுத்து ஊதிப்போனது. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்பாள். "நடிக்கிறியா?" என்பார் மேஸ்திரி. அதைவிட அவளைக் கூசவைத்தது, சுவரில் பெயர்ந்த மண்கட்டியைத் தின்னும் ஆசைதான். யாருக்கும் தெரியாமல் முந்தானையில் முடிந்து வைத்துத் தின்றாள்.

கூட வேலை பார்த்த வேம்புவுக்கும் அதே இளைப்பு. மாசி மாதத்தில், ஏழு மாதக் கர்ப்பத்தோடு கூடையைத் தூக்கியவள் அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. "காத்து கருப்பு அடிச்சிருச்சு" என்றார்கள்.

பங்குனியில் திருச்சியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். துப்புரவு வேலைக்காரர்களின் மலத்தைச் சோதிக்க வேண்டும் என்று தகர டப்பாக்களை நீட்டினார். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அமாவாசை என்கிற ஆள் கொதித்துப்போனான்.

"ஊரு பீய அள்றது பத்தாதுன்னு எங்களோடதயும் டப்பாவுல போட்டுக் குடுக்கணுமா?"

யாரும் கை நீட்டவில்லை. பூங்காவனம் முன்னால் வந்தாள்.

"வேம்பு செத்தது எதனாலன்னு இதுல தெரியுமாங்கம்மா?"

"அது தெரியாதும்மா. உனக்கு என்னன்னு தெரியும்."

"குடுங்க."

அவளைப் பார்த்து மற்றவர்களும் வாங்கிக்கொண்டார்கள்.

நாற்பத்தொரு பேரில் முப்பத்திரண்டு பேருக்குக் கொக்கிப்புழு இருந்தது. சேற்றில் இருக்கும் புழு வெறுங்கால் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், குடலில் ஒட்டி ரத்தம் குடிக்குமாம். மண் தின்னத் தோன்றுவதும் ரத்தம் குறைந்ததால்தானாம். மாத்திரை தின்றால் புழு செத்துவிடுமாம். பூங்காவனம் கேட்டாள்:

"அப்ப, மாத்திரை குடுத்திருந்தா வேம்பு பொழச்சிருப்பாளா?"

டாக்டரம்மா மாத்திரையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

மாத்திரை தின்று இரண்டு மாதத்தில் தெம்பு வந்தது. செருப்பில்லாமல் இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதைப் பிடித்துக்கொண்டு, பூங்காவனம் செருப்பு கேட்டுப் பஞ்சாயத்து ஆபீசுக்கு ஏழெட்டு முறை நடந்தாள். கடைசியில் பத்து ஜோடி பூட்ஸ் வந்தது. எல்லாம் ஆம்பளை அளவு. போட்டுக்கொண்டு இறங்கினாள், சேறு உள்ளே புகுந்து காலை இழுத்தது, குப்புற விழுந்தாள். மறுநாள் முதல் பழையபடி வெறுங்கால்தான்.

அடுத்த வருடமே இளைப்பு திரும்பியது. மாத்திரை தின்றால் தேறுவாள், மறுபடி விழுவாள். 1988-ல் மண்வெட்டியைத் தூக்கவே முடியவில்லை. அந்த வேலையை மகள் கண்ணகிக்குத் தருவதாகச் சொன்னார்கள்.

"வேற எதாச்சும் பாரு தாயி" என்று கெஞ்சினாள்.

"வேற எங்கம்மா இருக்கு?" என்றாள் கண்ணகி.

திங்கட்கிழமை காலையில் வேலைக்குச் சேர்ந்தாள்.