பைபிளைத் திறக்காத அந்தப் பொழுது

இதை எழுத வேண்டுமென்று பல வருசமாகப் பேனையை எடுப்பேன், பிறகு வைத்துவிடுவேன். எனக்கு எழுத்துப் பெரிதாக வராது. எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் என்னைத் தடுத்தது அது இல்லை. எழுதினால் ஒருத்தியின் மனம் நோகும் என்ற பயம்தான். இப்போது பங்குக் கோயிலில் பைபிள் வகுப்புக்கு வரும் பிள்ளைகள், "அன்ரி, வாசிக்க முதல் நீங்க எப்பிடி ஆயத்தமாவீங்க? எழுதித் தாங்களேன்" என்று கேட்டுவிட்டார்கள். நேற்று அரிசி டின்னை நிரப்பும்போது கை மணிக்கட்டுவரை உள்ளே போனது. தவிட்டு மணம் மேலே வந்தது. அதோடு மற்றதெல்லாம் வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் ஆயத்தம் என்றால் முதல் வேலை கால் கழுவுவது. கற்பிட்டிக் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. படுக்கையிலும் மணல், தின்னும் பாணிலும் மணல். பைபிளின் சங்கீதப் பக்கங்களைப் புரட்டினால் நறநறக்கும். பிறகு உப்புக்காற்றில் பிசுபிசுக்கும் மேசையைத் துடைப்பேன். அதன் பிறகு போன் அரிசி டின்னுக்குள் போகும். மீன் முதலாளியின் அழைப்புக்கு என் வீட்டுக்காரர் ஒரு சினிமாப் பாட்டு வைத்திருந்தார். நற்செய்தியின் நடுவில் அது பாடினால் யாருக்குப் பக்தி வரும்?

கடைசி ஆயத்தம்தான் கஷ்டம். வடக்கில் சண்டை முடிந்த பிறகு மன்னாரிலிருந்து வந்த ஒரு சிஸ்டர் சொல்லித் தந்தது. "உடம்பு கதிரையில இருக்கும், மனசு கடலுக்குப் போயிருக்கும். அதுவும் வந்தாப்பிறகு திறங்க" என்றார். ஆகவே எல்லோரும் பேசாமல் இருப்போம். மனம் வந்து சேர்ந்தவர் "வந்திட்டன்" என்று சொல்ல வேண்டும். எல்லோரும் சொன்ன பிறகுதான் புத்தகம் திறக்கும். மகள் கதிரையில் இருந்தவுடனே சொல்லிவிடுவாள். "நீ வந்திட்டாய், உன்ர மூக்கு இன்னும் குசினிக்குள்ள நிக்குது" என்பார் என் வீட்டுக்காரர். சில நாள் எனக்கும் வராது. அடுப்பில் பால் பொங்குமோ என்ற யோசனை.

மூக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. அவருடைய போட் எஞ்சினைக் கரையில் விடமாட்டார். தோளில் தூக்கி வந்து குசினிக்குப் பின்னால் கட்டையில் மாட்டி வைப்பார். எண்ணெய் நாற்றம் சோற்றில்கூட ஏறுகிறது என்று நான் ஏசாத நாளில்லை. ஒரு கிழமை முழுக்க அந்த நாற்றம் இல்லை. கேட்டேன். "திருத்தக் குடுத்திருக்கு" என்றார், என்னைப் பார்க்காமல்.

அந்த வருசங்களில் கரை முழுக்க ஆஸ்திரேலியாக் கதைதான். ஏஜென்சிக்காரர்கள் வந்து போவார்கள். காசோ எஞ்சினோ வாங்கிக்கொண்டு, களவாகப் பெரிய போட்டில் ஏற்றுவார்கள். எஞ்சின் எங்கே போனது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. வாய் திறந்து கேட்கத்தான் தைரியமில்லை. கேட்டால் ஓம், போறன் என்று சொல்லிவிடுவார் என்ற பயம்.

அன்றைக்குப் பொழுதுபடும் நேரம் வழமைபோல மேசையடியில் இருந்தோம். மகள் "வந்திட்டன்" என்றாள். அடுத்தது அவர். வாயைத் திறந்தார், மூடினார். அரிசிக்குள் போன் அடித்தது. பாட்டு வெளியே வரவில்லை. டின் மட்டும் உறுமியது. நின்றது. மறுபடி அடித்தது.

"அப்பா, எடுத்துத் தரட்டா?"

"வேணாம்."

வேலிக்கு வெளியே பக்கத்து வீட்டு சூசையின் குரல் கேட்டது. "மச்சான், போனை ஏன் எடுக்கிறாயில்லை? ஏஜென்சி வான் வந்து ரோட்டில நிக்குது."

போகாதீங்க என்றுதான் சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது வேறு. "ஆறுதலா இருங்க. நீங்க வந்தாப்பிறகுதான் திறப்பம்."

அவர் பைபிள் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இஞ்ச இல்லையப்பா" என்றார்.

"தெரியும்."

"எஞ்சினைக் குடுத்திட்டன்."

"அதுவும் தெரியும்."

"டேய், வாறியா இல்லையா? மனிசியிட்டப் பாஸ் கேட்டுக்கொண்டு இருக்கிறியோ?" சூசை சிரித்தான். மகள் என் சீலைத் தலைப்பைப் பிடித்தாள்.

கடைசியில் அவர், இருந்த இடத்திலிருந்தே, "நீ போ மச்சான்" என்றார். வான் கிளம்பும் சத்தம் கேட்டது. அதன் பிறகும் அவர் "வந்திட்டன்" சொல்லவில்லை. பொய் சொல்ல மாட்டார், அதுவும் அந்த மேசையில். பைபிளை எடுத்து அலுமாரியில் வைத்துவிட்டு ஆறிய சோற்றைச் சாப்பிட்டோம். அந்தச் சொல் அவர் வாயில் வரப் பல நாள் ஆனது. எஞ்சின் வரவேயில்லை. இன்றைக்கும் பிறத்தியார் போட்டில்தான், பிடிபடும் மீனில் ஒரு பங்குக்குப் போகிறார்.

விடிந்ததும் சூசையின் மனைவி ரீற்றா வேலியடிக்கு வந்தாள். "அக்கா, அண்ணை போகேல்லையாம். அப்ப இவரும் எங்கயாவது இறங்கி நிண்டிருப்பார், என்ன?" என்றாள்.

அந்தப் போட்டைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை. ஏதோ ஒரு தீவில் பிடித்து மறியலில் வைத்திருக்கிறார்கள் என்றார்கள் சிலர். சிலர் கடலைக் காட்டித் தலையை ஆட்டினார்கள்.

இந்தக் கதை எப்படியோ வெளியில் போய், பிரசங்கத்திலும் ஏறிவிட்டது. பைபிள் தானாகத் திறந்ததாம். கடலுக்குப் போகாதே என்று ஒரு வசனம் கண்ணில் பட்டதாம். அதைக் கேட்டுவிட்டு ரீற்றா கோயில் வாசலில் என் கையைப் பிடித்துக் கேட்டாள்: "அக்கா, அவர் போற நேரம் என்ர மேசையிலதானே பைபிள் திறந்து கிடந்தது. எனக்கு ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

பிறகு அவள் சிலாபத்தில் தங்கச்சி வீட்டோடு போய்விட்டாள். அவளுடைய வீடு வளவு கைமாறி, இப்போது பெரிய பட்டத்தில் தொங்கிப் பலகையில் கடலில் சறுக்கி ஓடும் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஹோட்டல். வேலியில்லை, கிணறில்லை, கை நுழைத்து நாங்கள் கறி மாற்றிக்கொண்ட வேலிப் பொட்டுமில்லை.

பிள்ளைகளே, இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் ஒன்றும் கூட்ட வேண்டாம். ஆண்டவர் எங்களோடு இருந்தார் என்று நான் நம்புகிறேன். ரீற்றாவின் வீட்டிலும் இருந்தார். எங்கள் வீட்டில் அன்று புத்தகம் திறக்கவில்லை. அப்படியே சொல்லுங்கள். கேட்கிற கூட்டத்தில் அவளும் இருக்கலாம்.